மூன்றாம் சேனலும் நான்கு மணியும்

போன வாரம் இந்த வீட்டுக் கூடத்தில் பறந்த வார்த்தைகளைக் கொஞ்சம் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போவோம். இல்லாவிட்டால் காலில் குத்தும்.

எலக்ட்ரிக் கடைக்காரத் தம்பி சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னான்: "சனிக்கிழமை நாலு மணிக்குப் புரோக்கர் வர்றாரு. அந்த மெஷினைத் தூக்கிட்டுப் போகட்டும். மாடி ரூம் எனக்கு வேணும். ஃபேன் பெட்டி வைக்க இடமில்லாம என் கடையில நானே குறுக்கால நடக்கிறேன்."

அக்கா, ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து யாரிடமும் குரல் தாழ்த்தாதவள், தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாலு மணிக்குள்ள அது கம்ப்யூட்டரோட பேசிச்சுன்னா?"

"பேசாது. கம்ப்யூட்டர் விஷயத்துல அது செத்தாச்சு. நானே மாட்டிப் பாத்துட்டேன்."

"பேசிச்சுன்னா?"

"ரூம் சாவி உனக்கு. என் கடை ஆணியில தொங்கறதைக் கழட்டி உன் கையிலயே குடுத்துடறேன்."

"பேசலேன்னா நானே அதைத் தூக்கிட்டு வந்து வண்டியில ஏத்தறேன்."

பேரம் அவ்வளவுதான். இரண்டு பேரும் அப்பா பக்கத்து ரத்தம். ஒரு தடவை வாயிலிருந்து விழுந்தால் திரும்ப எடுத்து உள்ளே போட்டுக்கொள்ளும் வழக்கமில்லை.

'மெஷின்' என்று இவர்கள் சொல்வது ஒரு சிந்தசைசர், வேண்டிய ஒலியை நாமே உண்டாக்கி எண் போட்டுச் சேமிக்கிற கீபோர்டு. அறுபத்தொரு கட்டை, பக்கத்துக்கு ஒரு திருகு வரிசை, நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பச்சைத் திரை. ஒரு காலத்தில் ஊரெல்லாம் மேடை ஏறிய இசைக்குழுவில் அக்கா வாசித்தது அதில்தான். குழுவை விட்டு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. மாடி அறையில் தினமும் வாசிப்பாள். ஆனால் அறையின் சாவி கீழே கடையில் தொங்கும். ஒவ்வொரு காலையும் இறங்கிப்போய், வாடிக்கையாளர் முன்னால் கையை நீட்டி அதைக் கேட்க வேண்டும், திறந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கை நீட்டல் அவளுக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது. குழந்தைகளுக்குக் கார்ட்டூன் எடுக்கும் கம்பெனி, பதின்மூன்று கதை. அவள் வாசிப்பைக் கேட்டுவிட்டு அங்கே இருந்த பெண் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள வரணும் மேடம். பூனை ரெண்டு செகண்ட் லேட்டா குதிச்சா, மியூசிக்கும் ரெண்டு செகண்ட் லேட்டா குதிக்கணும். நாங்க இழுத்து நகர்த்துவோம்."

அதனால்தான் இந்தப் பந்தயம். இனி சனிக்கிழமை.

*

காலை பதினொரு மணிக்கே தம்பி ஃபேன் பெட்டிகளை மாடிப்படியில் ஏற்றி வைத்துவிட்டான். படிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பெட்டி.

"நாலு மணின்னுதானே பேச்சு?" என்றாள் அக்கா.

"பெட்டி ஏறிக்கிட்டிருக்கு. இன்னும் ரூமுக்குள்ள வரலியே."

"அப்ப படியிலயே குடித்தனம் வை."

அப்போது அவன் சட்டைப்பையில் போன் பாடியது. அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையத்திலிருந்து பல் டாக்டர் ஹால்வரை அது பாடாத இடமில்லை. மூங்கிலுக்குள் போன காற்று பாதியில் நின்று திரும்பிப் பார்ப்பதுபோல ஒரு ஒலி, ஏழே ஏழு சுரம். அக்காவின் பழைய குழுவை நடத்திய மாஸ்டரின் பாட்டு. அவரைப் பெரிய ஆளாக்கிய பாட்டு. "எங்க அக்கா அவர்கூட வாசிச்சவங்க" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ள வசதியாகத் தம்பி அதை ரிங்டோனாக வைத்திருந்தான்.

அது பாடும்போதெல்லாம் அக்கா அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவாள். இன்றும் நகர்ந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அறைக்குள் மேஜை, மேஜைமேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் மெஷின், மெஷினுக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. கம்ப்யூட்டருக்கும் மெஷினுக்கும் நடுவே தீப்பெட்டி அளவுக்குக் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி. அதற்கு ஒரு பக்கம் யூஎஸ்பி. மறுபக்கம் இரண்டு வால். வால் நுனிகளில் ஐந்து ஊசி வைத்த வட்ட பிளக். ஒன்றில் 'இன்', ஒன்றில் 'அவுட்' என்று அச்சடித்திருந்தது. மெஷினின் முதுகிலும் அதேபோல இரண்டு வட்ட ஓட்டை; அங்கேயும் 'இன்', 'அவுட்'. மிடி என்று இதற்குப் பெயர்.

தம்பி மாட்டியது அப்படியே இருந்தது. இன்னில் இன். அவுட்டில் அவுட். அவன் கடையில் முப்பது வருடச் சட்டம் அது: சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. அந்தச் சட்டத்தில் ஊரில் ஒரு வீடும் எரிந்ததில்லை. ஆகவே அக்காவும் அதைச் சந்தேகிக்கவில்லை.

சாஃப்ட்வேரைத் திறந்தாள். கறுப்புப் பெட்டியின் பெயர் தெரிந்தது. பக்கத்தில் டிக் போட்டாள். கட்டையை அழுத்தினாள். ஸ்பீக்கரில் மெஷின் பாடியது. கம்ப்யூட்டர் கல்லாக இருந்தது.

கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள். கல். வேறு யூஎஸ்பி ஓட்டையில் செருகினாள். கல்.

பத்து வருடம் மேடையில் வாசித்தவளுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. மாஸ்டர் மெஷின்களின் முதுகுப் பக்கம் யாரையும் விட்டதில்லை. "ஒயரை நான் பாத்துக்கறேன், நீ வாசி" என்பார். மாட்டி முடித்ததும் குனிந்தபடியே கேட்பார்: "திரையில சேனல் மூணுன்னு காட்டுதா?" அவள் "காட்டுது மாஸ்டர்" என்பாள். மாஸ்டர் ஒன்று, மாஸ்டரின் மச்சான் இரண்டு, இவள் மூன்று. அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த பாடம்.

*

ஒரு மணிக்குத் தம்பி மனைவி வந்தாள். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். காலை ஷிஃப்ட் முடிந்து, படியிலிருந்த பன்னிரண்டு பெட்டியையும் தாண்டி, மூச்சு வாங்க அறை வாசலில் நின்றாள்.

பத்தொன்பது வருடமாக ஒரே சமையலறை. ஆனாலும் நாத்தனாரும் இவளும் பெரும்பாலும் பாத்திரங்கள் வழியாகத்தான் பேசிக்கொள்வது. மூடியை வைக்கிற சத்தத்திலேயே இன்றைக்கு யாருக்கு என்ன கோபம் என்று தெரிந்துவிடும். இப்போது கையில் பாத்திரம் எதுவும் இல்லாததால் நர்ஸ் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று.

"அண்ணி, சாப்பிட்டீங்களா?"

"நாலு மணிக்கு மேல. ஜெயிச்சா பசிக்கும், தோத்தா பசிக்காது. எப்படியும் இப்ப வேண்டாம்."

நர்ஸ் உள்ளே வந்தாள். அவள் கண் நேராக ஒயருக்குத்தான் போனது. அது தொழில் பழக்கம். எந்த அறைக்குள் போனாலும் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பாள்.

"இதை யாரு மாட்டினது?"

"உன் வீட்டுக்காரன்."

"இன்னுக்கு இன்னா?"

"சிவப்புக்குச் சிவப்பாம்."

நர்ஸ் முதுகுப் பக்கம் குனிந்தாள். "எங்க வார்டுல மெஷினுக்கு ரெண்டு குழாய் அண்ணி. ஆள்கிட்டேர்ந்து வெளிய வர்றது மெஷினுக்குள்ள போகும். மெஷின்லேர்ந்து வெளிய வர்றது ஆளுக்குள்ள போகும். வெளிய வர்றதையும் வெளிய வர்றதையும் கோர்த்தா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன ஆகும்?"

"எனக்கு வேலை போகும்."

அக்கா சிரித்துவிட்டாள். பத்தொன்பது வருடத்தில் இவளுக்கு நகைச்சுவை உண்டு என்று தெரிவது இன்றைக்குத்தான்.

"அப்ப மாத்திப் போடட்டுமா?"

"நான் போடறேன்" என்றாள் நர்ஸ். "கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த மனுஷன் மாட்டின ஒண்ணையாவது கழட்டி மாட்டணும்னு எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கு."

'இன்' என்ற வாலை மெஷினின் 'அவுட்'டில் செருகினாள். 'அவுட்' என்ற வாலை 'இன்'னில். அக்கா ஒரு கட்டையை அழுத்தினாள்.

கறுப்புப் பெட்டியில் சிவப்பாக ஒரு பொட்டு கண் சிமிட்டியது. விரலை எடுத்தாள், அணைந்தது. அழுத்தினாள்; எரிந்தது.

"உயிர் இருக்கு" என்றாள் நர்ஸ், நாடி பார்த்தவளின் குரலில்.

*

ரெக்கார்டு பொத்தானைத் தட்டிவிட்டு அக்கா வாசித்தாள். பூனை குதிப்பது, தவறி விழுவது, எதுவும் நடக்காததுபோல் எழுந்து நடப்பது. திரையில் ஒவ்வொரு சுரமும் ஒரு பச்சைத் துண்டாக வந்து உட்கார்ந்தது. நீளமாய் அழுத்தியது நீளமாக, தட்டிவிட்டது குட்டியாக. நர்ஸ் கை தட்டினாள்.

பிறகு அக்கா கையைக் கட்டிக்கொண்டு, வாசித்ததைத் திரும்ப ஓட விட்டாள்.

பச்சைத் துண்டுகள் வரிசையாக ஊர்ந்தன. ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி ஓட விட்டாள். துண்டுகள் போயின. சத்தம் இல்லை. ஸ்பீக்கரைத் திருகினாள், ஒயரை அசைத்தாள், மூன்று மணி ஆயிற்று, மூன்றேகால் ஆயிற்று.

மூன்றரைக்குத் தம்பி ஏறி வந்தான். கையில் பதின்மூன்றாவது பெட்டி.

"கோடு போடுது, சத்தம் வரலே. நான்தான் சொன்னேனே? டெட்."

"முதல்ல உன் கோர்ப்பு டெட்" என்றாள் நர்ஸ். "மாத்தி மாட்டிட்டோம்."

"யாரு மாத்தினது?"

"நான்தான். ஏன், ஷாக் அடிச்சுதா?"

தம்பி பெட்டியைத் தரையில் வைத்தான். பெண்டாட்டியைப் பார்த்தான், ஒயரைப் பார்த்தான். இரண்டில் எதை முதலில் நம்பக்கூடாது என்று முடிவு செய்ய முடியாத முகம்.

"சரி, மாத்தினீங்க. சத்தம் எங்க?"

"அந்த ஒயர்ல சத்தம் போகாதுடா" என்றாள் அக்கா. களைப்பில் அவள் குரல் இன்னும் கூர்மையாகியிருந்தது. "உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். கடையில ஒருத்தர் ஃபேன் கேட்டா நீ என்ன பண்ணுவே?"

"சீட்டு எழுதி கிடங்குக்கு அனுப்புவேன்."

"சீட்டுக்குள்ள ஃபேன் இருக்குமா?"

"சீட்டுக்குள்ள எப்படி ஃபேன் இருக்கும்?"

"இதுவும் அதான். எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்ப விட்டேன். வெறும் சீட்டு. சரக்கு மெஷின்ல இருக்கு. கம்ப்யூட்டர் சீட்டைத் திருப்பி அனுப்பினா மெஷின் சரக்கை எடுத்துக் குடுக்கணும்."

"குடுக்கலியே. சீட்டுல கிடங்கு நம்பர் ஒழுங்கா எழுதினியா? ஒண்ணுக்கு எழுதவேண்டியதை ரெண்டுக்கு எழுதினா, அந்த ஆள் கடைசி வரைக்கும் உக்காந்துதான் இருப்பான்."

அக்கா அப்படியே நின்றாள்.

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். பச்சைத் துண்டுகளுக்குப் பக்கத்தில் சின்னதாக: சேனல் 1. மெஷினில் இரண்டு பொத்தானை அழுத்திப் பச்சைத் திரையைப் புரட்டினாள்.

சேனல் 3.

மாஸ்டர் குனிந்தபடி கேட்ட அதே மூன்று. இருபத்திரண்டு வருடமாக இந்த அறையில், யாரும் வராத மேடையில், மெஷின் மூன்றாவதாகவே உட்கார்ந்து காத்திருந்திருக்கிறது. முதல் ஆளும் இரண்டாம் ஆளும் வந்தபிறகு தன் முறை வரும் என்று.

கம்ப்யூட்டரில் ஒன்றை மூன்றாக மாற்றினாலும் வேலை முடியும். அது சுலபம், ஒரே தட்டு. அக்கா விரலை அங்கே கொண்டுபோனாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"கம்ப்யூட்டர் ஏன் மூணுக்கு இறங்கி வரணும்?" என்றாள், யாரிடமும் இல்லாமல். "இது ஏறட்டும்."

மெஷினின் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினாள். மூன்று இரண்டானது. இரண்டு ஒன்றானது.

*

மூன்றே முக்காலுக்கே புரோக்கர் வந்துவிட்டார். பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்பவர். வழுக்கைக்கு மேல் கூலிங் கிளாஸ். சரக்கின்மேல் ஆசை இல்லாதவன் கால் மணி முன்னால் வரமாட்டான் என்று அக்கா மனதில் குறித்துக்கொண்டாள்.

"இதுவா? ரொம்ப பழசாச்சே. இதை வெச்சு நான் என்ன பண்ண? ஸ்பேர்கூட கிடைக்காது" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். வேண்டாம் வேண்டாம் என்று வாய் சொல்ல, கை நேராக மெஷினின் இடது மூலைக்குப் போயிற்று. அங்கே ஒரு தழும்பு. மேடை விளக்கு ஒரு தடவை சாய்ந்து உருகிய இடம். அதைத் தடவிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். வாங்க வருகிறவன் கட்டையைத்தானே தட்டிப் பார்ப்பான்? இவர் தழும்பைத் தேடுகிறார்.

அக்கா அதையும் குறித்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றாள். "தம்பி, மணி?"

"மூணு அம்பத்தி நாலு."

அக்கா கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு விசை.

யாரும் தொடாத மெஷினிலிருந்து பூனை குதித்தது. தவறி விழுந்தது. எழுந்தது. எதுவும் நடக்காததுபோல் அறையைச் சுற்றி நடந்தது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"பேசிடுச்சா?" என்றாள் அக்கா.

தம்பி நிமிர்ந்தான். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தான். பந்தயத்தில் தோற்றால் மாடிக்கும் கடைக்கும் நடக்க வேண்டாம் என்று கையோடு கொண்டுவந்திருக்கிறான், வியாபாரி வியாபாரிதான். அக்காவின் உள்ளங்கையில் வைத்தான்.

"பேசிடுச்சு."

புரோக்கர் மட்டும் பச்சைத் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் குழப்பம்.

"தழும்பு இருக்கு. ஆனா சேனல் ஒண்ணு காட்டுதே..." என்று முணுமுணுத்தார். "மூணுன்னுல்ல சொன்னாரு."

அக்கா சுவரை விட்டு நகர்ந்தாள்.

"யாரு சொன்னாரு?" என்றாள் அக்கா.

"அது... பொதுவா சொல்றதுதான்மா."

"பொதுவா சொல்ல இது என்ன பஸ் நம்பரா? இந்த மெஷின் மூணுல இருந்ததுன்னு நேத்துவரைக்கும் இந்த உலகத்துல மூணே பேருக்குத்தான் தெரியும். அதுல ஒருத்தி நான். யாரு உங்களை அனுப்பினது?"

புரோக்கருக்குப் பதில் சொல்லும் சிரமத்தை அவருடைய போனே எடுத்துக்கொண்டது. மேஜைமேல் வைத்திருந்த போன் நடுங்கியது. திரையில் ஒரே சொல்: மாஸ்டர்.

புரோக்கர் கை நீட்டுமுன் அக்கா அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"கிடைச்சுதா?" என்றது அந்தக் குரல். வயதாகியிருந்தது, ஆனால் குனிந்தபடியே கேட்கிற தொனி மாறவில்லை. "நாப்பத்தேழாம் நம்பர் சவுண்டு அழியாம இருக்கா பாரு, அது அந்த ஒரு மெஷின்லதான் இருக்கு. வேற எதையும் நோண்டாதே. அவகிட்ட பேச்சு வளக்காம அப்படியே தூக்கிட்டு வா."

அக்கா போனை ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் வைத்தாள். மெஷினில் நான்கு, ஏழு என்று இரண்டு பொத்தானை அழுத்தினாள். மூன்று வாரம் இதே அறையில் உட்கார்ந்து, திருகுகளை மயிரிழை மயிரிழையாகத் திருகி, தன் கையால் அவள் உண்டாக்கி, நாற்பத்தேழாம் எண்ணில் சேமித்து வைத்த ஒலி. குழுவை விட்டுவந்த வருடத்திலிருந்து அதை அவள் தொட்டதில்லை.

இப்போது தொட்டாள். மூங்கிலுக்குள் போன காற்று பாதியில் நின்று திரும்பிப் பார்த்தது. ஏழு சுரம்.

தம்பி அனிச்சையாகச் சட்டைப்பையில் கையை விட்டு, போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"ஹலோ?"

யாரும் இல்லை. போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். திரை இருட்டு. அக்கா இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் விரலைப் பார்த்தான், போனைப் பார்த்தான், மறுபடி விரலைப் பார்த்தான். முகத்தில் மெல்ல மெல்ல இருபத்திரண்டு வருடம் ஏறியது. மாஸ்டரின் பாட்டு என்று அவன் ஊருக்கெல்லாம் சொன்ன அந்த ஏழு சுரம், அக்கா இந்த அறையில் கட்டியது.

"யாரு அங்க?" என்றது மேஜைமேலிருந்த குரல்.

"சேனல் மூணு" என்றாள் அக்கா. "இல்ல, மாத்தியாச்சு. இப்ப ஒண்ணு."

அந்தப் பக்கம் ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலில் தேன் வந்தது. "நீயாம்மா? நானே உன்னைப் பாக்கணும்னு இருந்தேன். பக்கத்துலதான் இருக்கேன். நேர்ல பேசிக்கலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம்."

"சொல்றதுக்கு என்ன மாஸ்டர் இருக்கு? வாசிச்சாச்சு, எல்லாரும் கேட்டாச்சு. வாங்க. இப்பல்லாம் ஒயரை நாங்களே பாத்துக்கறோம்."

போனைப் புரோக்கரிடம் நீட்டினாள். அவர் கூலிங் கிளாஸைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, பெட்டி பெட்டியாகத் தாண்டி இறங்கிப் போனார்.

தம்பி தன் போனைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். "அக்கா... இத்தனை வருஷம் உன் முன்னாடியே இதைப் பாட விட்டுக்கிட்டு... நான் ஒரு... இப்பவே மாத்திடறேன், இரு."

"எதுக்கு மாத்தறே?" என்றாள் அக்கா. "அது என் பாட்டு. இன்னும் சத்தமா வை."

நர்ஸ் சன்னலிலிருந்து திரும்பினாள். "அண்ணி, கீழ பெரிய கார் ஒண்ணு நிக்குது."

தம்பி பதறிப்போய்ப் படிக்கு ஓடினான். "ஐயோ, பன்னிரண்டு பெட்டி வழியில கிடக்கு. இரு, இறக்கிடறேன்."

"எடுக்காதே" என்றாள் அக்கா. மெஷினின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டாள். "ஏறி வரட்டும். குறுக்கால நடந்து."